மூன்றடி இரண்டு அங்குலம்

குழாயில் தண்ணீர் நிதானத்துக்கு வரும்வரை நகராட்சி ஆபீசர் 'அங்குலம்' மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் நட்டிருந்த மட்டக்கல்லில் குழாயின் ஒரு முனையை மேஸ்திரி பிடித்திருக்க, மறு முனை பழைய பெயிண்டர் ஒருவர் தன் வீட்டுக்குப் புதிதாகப் போட்டிருந்த தளத்தின் ஓரத்தில் அவர் கையில் இருந்தது. உள்ளிருப்பது வெளியே தெரியும் அந்தக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, பிறகு ஒரு முடிவுக்கு வந்ததுபோல் நின்றது. அவர் டேப்பை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ரெண்டு அங்குலம் குறையுது. ஏத்திட்டுச் சொல்லுங்க, மறுபடி வந்து பார்க்கறேன்."

நகராட்சியில் வெள்ளநிலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு பீரோ, ஒரு ஆள். ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் தாழ்ந்த நிலத்தில் யார் எதைக் கட்டினாலும் அந்த ஒரு ஆளின் கையெழுத்து வேண்டும். விதி எளிமையானது. முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் வந்த பெரிய வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஆற்றோர பம்ப் ஹவுஸின் வடக்குச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டு மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் வீட்டின் தளம் இருக்க வேண்டும். கோட்டின் மட்டத்தைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கல்லாக நட்டிருக்கிறார்கள். கல்லிலிருந்து குழாய் வைத்துப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். பதினொரு வருடமாக அந்த ஆள் இவர்தான். இவருடைய சொந்தப் பெயர் ஆபீஸுக்கு வரும் தபால்களில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஊருக்கு இவர் அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தாலும் கையெழுத்துக் கிடையாது, யார் சொன்னாலும் கிடையாது. கை நீட்டாத மனிதர் என்று பாதிப் பேரும், கல்நெஞ்சுக்காரர் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். இரண்டையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

கூடப்பிறந்த தங்கையையே விடவில்லை. அவள் வீட்டுத் தளம் மூன்று அங்குலம் குறைகிறது என்று பெயர்த்து எடுக்கச் சொன்னார். நாலு மாதம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் ஆறிய பிறகு அதையே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். எங்க அண்ணன் எனக்கே விட்டுக்கொடுக்கலை தெரியுமா என்று, கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது, இவர் குடியிருந்த இரண்டாவது மாடிக்கு அவரைத் தூக்கிப் போக வழியில்லை. "அண்ணன் கையெழுத்துப் போட்ட வீடு, இதைவிடப் பத்திரமான இடம் எங்க இருக்கு" என்று தங்கைதான் தன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டாள். மூன்று வருடமாக அப்பா அங்கே படுத்திருக்கிறார்.

இரண்டு அங்குலம் என்றதும் பெயிண்டர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்துத்தான் அங்குலம் டேப்பைச் சுருட்டினார். பெயிண்டருக்கு எழுபது வயதாவது இருக்கும். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. சண்டைக்கு வருவதற்குப் பதில் அவர் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

"என் கோடு எனக்கே ஆப்பு வெச்சிடுச்சு பாருங்க."

"என்ன உங்க கோடு?"

"பம்ப் ஹவுஸ்ல இருக்கே சார், அது நான் போட்டதுதான். இருபத்திரெண்டு வருஷம் இருக்கும். சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாங்க, கோட்டையும் புதுசாப் போடச் சொன்னாங்க. பார்த்தா பழைய கோட்டு மேலயே 'இங்கே குளிக்கக் கூடாது'ன்னு ஒரு இரும்பு போர்டை மாட்டி வெச்சிருக்காங்க. கழட்டலாம்னு பார்த்தேன், நாலு போல்ட்டும் துருப்புடிச்சு அசையவே இல்ல. கோடு எல்லார் கண்ணுக்கும் படணும்னு உங்க ஆபீஸ்லதான் எழுதியிருந்தது. போர்டுக்குப் பின்னாடி போட்டா யார் கண்ணுக்குப் படும்? அதான் போர்டுக்குக் கீழ எறக்கிப் போட்டேன். கயிறு புடிச்சுப் போட்டது சார், ஒரு நூல் சாயாது. பார்க்க வந்த ஆபீசர் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனார்."

அங்குலத்துக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, மொத்தமாகத்தான் புரியவில்லை. "எறக்கின்னா, எவ்வளவு எறக்கி?" என்று கேட்டார். பெயிண்டர் உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தரைக்கு மேல் இடுப்பளவில் பிடித்துக் காட்டினார். போர்டு உயரத்துக்கு, என்றார். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஞாபகார்த்தமா போட்ட கோடுன்னு நெனச்சேன் சார். அதை வெச்சு வீடு கட்டுவாங்கன்னு அப்ப யார் கண்டா" என்றார். அதுவும் உண்மைதான். விதி வந்தே பதினாலு வருடம்தான் ஆகிறது.

அன்று மத்தியானம் அங்குலம் சாப்பிடப் போகவில்லை. மேஸ்திரியின் கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் போனார். போர்டு துருப்பிடித்து விழுந்து யார் வீட்டுக் கூரைக்கோ போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நாலு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. பதினொரு வருடமாக அந்தச் சுவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஓட்டைகளையும் பார்த்திருக்கிறார். அவை எதற்கு என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஒரு கல்லைப் போட்டு ஏறி நின்று, மேலே இருந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது, அதற்கடியில் இன்னொரு வெள்ளை உதிர்ந்தது, அப்புறம் கருத்துப்போன சிவப்பு. கையகலத்துக்குச் சுரண்டியதும் போதும் என்று நிறுத்தினார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். டேப்பின் நுனியைப் பழைய சிவப்பில் வைத்துக் கீழே இருந்த பளிச்சென்ற சிவப்புவரை இழுத்தார். மூன்றடி இரண்டு அங்குலம்.

அவர் கையெழுத்துப் போட்டவை இருநூற்றாறு வீடுகள். விதிப்படி ஓர் அடி உயர்த்திக் கட்டியவை, ஓர் அங்குலம் பிசகாதவை. அந்த வெள்ளம் திரும்ப வந்தால் இருநூற்றாறு வீடுகளிலும் தளத்துக்கு மேல் இரண்டடி இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். கணக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் அவருக்கு எப்போதும் சட்டென்று வரும்.

வேலைக்கு வந்த புதிதில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி ஆபீஸ் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இவ்வளவு தாழ்வாகக் கட்ட விடுகிறீர்களே, அன்றைக்குத் தண்ணீர் பம்ப் ஹவுஸ் சன்னலைத் தொட்டது, நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தேன் என்றாள். அங்குலம் அவளை உட்கார வைத்து, மரியாதையாகத்தான் சொன்னார். "அம்மா, மனுஷனோட ஞாபகம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும். கோடு ஏறாது." அந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய்ப் பல பேரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது கல்லின்மேல் நின்றபடி பழைய சிவப்பைப் பார்த்தார். அது சன்னலின் அடிக்கம்பிக்கு நேராக இருந்தது.

மறுநாள் நகராட்சி ஆணையரிடம் போய்ச் சொன்னார். ஆணையர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். முழுவதும் கேட்டார், இடையில் போனை எடுக்கவில்லை. டீ வரவழைத்தார். போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து இவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? வெள்ள மட்டம் இவ்வளவு அடின்னு எங்கயாவது இருக்கா? 'வடக்குச் சுவரில் குறிக்கப்பட்டுள்ள கோடு'ன்னுதான் இருக்கு. கோடு எங்க இருக்கோ அங்கதான் சார் வெள்ளம்."

"தண்ணிக்கு அது தெரியாதே சார்."

ஆணையர் சிரிக்கவில்லை. "கோட்டை மேல ஏத்தினா இருநூத்தாறு வீடும் ஒரே நாள்ல விதிமீறல். அதுல ஒன்பது வீடு நம்ம ஆபீஸ் ஆளுங்களோடது. அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகணும். யார் கையெழுத்துல போகும்? உங்க கையெழுத்துல. வீடு கட்டச் சொன்னதும் அதே கையெழுத்து. அவங்க எங்க போவாங்க, சொல்லுங்க. இடிச்சுட்டு மூணடி ஏத்திக் கட்டுவாங்களா?"

"பெரிய வெள்ளம் வந்துட்டா?"

"வந்தா அது இயற்கைச் சீற்றம். கோட்டை மாத்தினா நம்ம தப்பு." சொல்லிவிட்டு அவருக்கே அது பிடிக்காததுபோல் டீ டம்ளரை நகர்த்தினார். "உங்க மனசுக்குச் சமாதானம் வேணும்னா மேல எழுதிப் போடுங்க. நான் தடுக்க மாட்டேன்."

அங்குலம் மேலே எழுதினார். தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம், படம் வரைந்து, போட்டோ இணைத்து. எழுதும்போது ஒரு தெம்பு வந்தது. இத்தனை வருடம் அளந்த கை, அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தார். பத்தொன்பது நாள் பதில் இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் அவர் தங்கை வீட்டுப் பக்கம் போகவில்லை. அப்பாவைப் பார்க்க வாராவாரம் போகிறவர், வேலை அதிகம் என்று போனில் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காதபோதும் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துப் பயந்தார்.

இருபதாம் நாள் பம்ப் ஹவுஸ் வழியாகப் போனபோது வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. வடக்குச் சுவர் முழுக்கப் புதிதாகச் சிமெண்ட் பூசி வெள்ளை அடித்திருந்தது. பராமரிப்புப் பணி. யாரும் சதி செய்ததாகச் சொல்ல முடியாது. சுவரைச் சுரண்டிப் பழுதாக்கியது அவர், பழுது பார்த்தது நகராட்சி. ஓட்டைகள் இல்லை, பழைய சிவப்பு இல்லை. கீழே, இருந்த இடத்திலேயே, கோட்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பெயிண்டர் பார்த்தால் காறித் துப்பியிருப்பார்.

அடுத்த வாரம் பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்யப்பட்டது. குறிப்பிடப்பட்ட இடத்தில் கோடு எதுவும் காணப்படவில்லை. இணைக்கப்பட்ட புகைப்படத்தில் உள்ளது வண்ணமா துருவா எனத் தெளிவாகவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது. ஆய்வுக்கு வந்தவர் பழைய கோட்டைத் தேடியிருக்கிறார், அளந்திருக்கிறார், கிடைக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். தான் வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்போம் என்று அங்குலத்துக்குத் தோன்றியது. அதுதான் அவரை உட்கார வைத்துவிட்டது.

அந்தப் பதிலுக்கு அடியில் பெயிண்டரின் கோப்பு இருந்தது. இரண்டு அங்குலம் ஏற்றியாகிவிட்டது என்று மனு. அளக்கப் போனார். சரியாக இருந்தது. பெயிண்டர் எதிரில் நின்றார். தன் வாயால் அத்தனையும் சொன்னவர், தளத்தை இரண்டே அங்குலம் ஏற்றிவிட்டுக் கையெழுத்துக்கு நிற்கிறார். "உங்களுக்குத் தெரியும்ல, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு" என்றார் அங்குலம். "தெரியும் சார். ஆனா நமக்கு இருக்கறது இந்த இடம்தானே" என்றார் பெயிண்டர். மூன்றடி ஏற்றுங்கள் என்று சொல்ல எந்த விதியும் இல்லை. போடமாட்டேன் என்று சொன்னால் அடுத்த வாரம் வேறொருவர் போடுவார். அங்குலம் அரை மணி நேரம் அந்தத் தளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு போட்டார். இருநூற்றேழு. "மேல ஒரு பரண் கட்டிக்கோங்க. ஆள் ஏறி உட்கார்ற மாதிரி" என்றார். பெயிண்டர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அங்கிருந்து தங்கை வீடு ஆறு தெரு. அதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. மழைக்காலம் நாள் தவறாமல் வந்திருந்தது.

தங்கை முன்னறையில் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். மூன்று வருடமாக அவருக்கு வாய்த்தது கூரையும் எதிர்ச் சுவரும்தான், சன்னலில் வானம் கொஞ்சம். "வா" என்று மட்டும் சொன்னாள். ஒரு மாதம் வராததற்கான கோபம் அந்த ஓர் எழுத்தில் இருந்தது. அங்குலம் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப்போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கோடு, போர்டு, போல்ட், சிமெண்ட். ஆபீஸ் கடிதம் மாதிரியே வரிசையாகச் சொன்னார், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு அங்குலத்துக்கு என் தளத்தைப் பெயர்த்தியே" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் அது சிரிப்புதானா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வித்துட்டு மேட்டுப் பக்கம்..."

"யார் தலையில கட்டச் சொல்ற? உன் கையெழுத்தைக் காட்டிக் கட்டவா?" குரலை ஏற்றவில்லை. பக்கத்து அறையில் அப்பா இருந்தார். "ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அண்ணா. எங்க அண்ணன், எங்க அண்ணன்னு."

அங்குலத்துக்கு அவமானமாக இருந்தது. அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. சின்ன வயதில் அடிப்பாள்.

"எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டாள். அவர் காட்டினார். சுவரில் கையை வைத்து, அவளுடைய அடுப்பு மேடைக்குக் கொஞ்சம் கீழே. அவள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு திரும்பி, கதவு வழியாக முன்னறைக் கட்டிலைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். கட்டில் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி.

கொல்லையில் செங்கல் இருந்தது. அன்றைக்குத் தளத்தைப் பெயர்த்து ஏற்றியபோது மிஞ்சியது, பாசி பிடித்துக் கிடந்தது. தங்கைதான் முதலில் போய் நாலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் மீதியைக் கொண்டுவந்தார். "என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றார் அப்பா. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் வழிந்துதான் வரும். "பூச்சி பொட்டு ஏறாம இருக்கத்தான் அப்பா, மழை வந்துடுச்சுல்ல" என்றார் அங்குலம். ஒவ்வொரு காலாகத் தூக்கினார்கள். அவர் தோள் கொடுத்துத் தூக்க, அவள் குனிந்து செங்கலைத் தள்ளினாள். அப்பா வலது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். நாலாவது வைத்ததும் கட்டில் ஆடியது, எடுத்துவிட்டார்கள்.

தங்கை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். போதுமா என்று கேட்கிறாள். சட்டைப் பையில் டேப் இருந்தது, அவர் எடுக்கவில்லை. ஒன்றரை அடி, அதோடு மூன்று கல் ஒன்பது அங்குலம். இரண்டடி மூன்று அங்குலம். தண்ணீருக்கு மேல் ஓர் அங்குலம்.

"ம்" என்றார்.

அப்பா எதையோ பார்த்துவிட்டுத் தலையைத் தூக்க முயன்றார். தங்கை அவர் கழுத்துக்கடியில் இன்னொரு தலையணையைச் செருகினாள். சன்னல் விளிம்பு இப்போது அவர் கண்ணுக்குக் கீழே இருந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு வெளியே தெரிந்தது. அடுத்த வீட்டுச் சுவர், அதற்கப்பால் காலி மனை, ஈரத்தில் கருத்துக் கிடந்த கரை, கரைக்கு மேலாக விளிம்பு மட்டும் தெரியும் பழுப்புத் தண்ணீர், மழையில் மெதுவாக நகர்ந்துகொண்டு. கண்ணாடியை எடும்மா என்றார். அவள் எடுத்து மாட்டிவிட்டாள். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. குழந்தைக்கு வருவது மாதிரி, வாய் ஒரு பக்கம் மட்டும் விரிந்து.

"ஆறா அது?" என்றார். "இவ்வளவு கிட்டவாடா இருக்கு?"

இனிமே கட்டிலை இறக்காதீங்க, இப்படியே இருக்கட்டும் என்று அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தங்கை சன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அங்குலம் தரையில் உட்கார்ந்து, மூன்று கல்லின்மேல் நின்ற கட்டில் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டில் ஆடவில்லை. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.